துருப்பிடித்த 69 சார்ஜர்: ஆர்/டி தானா?

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி, ஒரிஜினல் 440 இன்ஜின், பல வருஷமாக ஸ்டார்ட் ஆகவில்லை, இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ளலாம். (ஆர்/டி என்பது சார்ஜரின் அதிவேக ரகம்; 440 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் அளவு.) வண்டி நிற்பது ஓஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில். படத்தில் பாதி பச்சை, பாதி துரு.

எனக்கு இந்த மாதிரி வண்டிதான் வேண்டும். பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும் மசில் காரை, அதாவது பெரிய இன்ஜின் வைத்த பழைய அமெரிக்க வண்டியைச் சோதிப்பது பெரும்பாடு. பட்டி எங்கே போட்டார்கள், எந்தத் தகட்டை மாற்றினார்கள் என்று காந்தத்தை வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்க்க வேண்டும். கொட்டகையில் கிடந்து துருப்பிடித்ததில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்; வைத்திருந்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த வருஷத்துச் சார்ஜர்களில் ஏராளமானவை 318 கன அங்குல வி8 இன்ஜினோடு வந்த சாதாரண வண்டிகள். ஆர்/டிக்கு 375 குதிரைத்திறன் 440 மேக்னம் கட்டாயம். கூடுதலாகப் பணம் கட்டினால் 425 குதிரைத்திறன் 426 ஹெமி. வெளியே சாதாரண வண்டிக்கும் ஆர்/டிக்கும் ஒரே உடம்பு. ஆர்/டி எம்பளமும் பின்பக்கப் பட்டையும் இன்றைக்குப் புதிதாகவே கடையில் கிடைக்கின்றன. விலையோ பல மடங்கு வித்தியாசம். போலி வராமல் என்ன செய்யும்?

நல்லவேளை, டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர்காரர்கள் சேசிஸ் நம்பரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷத்து செவ்ரோலெட் கமாரோவில் நம்பரை வைத்து வி8 வண்டி என்று சொல்லலாம். அதன் வேக ரகமான எஸ்எஸ் வண்டியா என்று சொல்ல முடியாது. சார்ஜரில் அந்தத் தலைவலி இல்லை. விற்பவரிடம் முன் கண்ணாடி வழியாக டாஷ்போர்டு தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எக்ஸ் எஸ் 29 எல் 9 பி என்று தொடங்கியது. எக்ஸ் என்றால் சார்ஜர். எஸ் என்றால் ஆர்/டி வகை. சாதாரணச் சார்ஜருக்கு அந்த இடத்தில் பி வரும். 29 இரண்டு கதவு ஹார்ட்டாப், எல் 440 இன்ஜின் (318 என்றால் எஃப், ஹெமி என்றால் ஜே), 9 வருஷம். கடைசி பி ஹாம்ட்ராமிக் ஆலை. டெட்ராய்ட்டுக்குள் தனி ஊராக இருக்கும் அந்த இடத்தில் ஆலையை 1980இல் மூடி, அடுத்த வருஷம் இடித்தே விட்டார்கள். இந்த எழுத்துக்களுக்குப் பின்னால் ஆறு இலக்க வரிசை எண்.

படத்தில் சரி. ஆனால் டாஷ்போர்டு தகடு ரிவெட்டில்தானே நிற்கிறது, கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் நேரில் போனபோது அதை ஓரமாக வைத்துவிட்டு, உடம்பில் அடித்திருக்கும் எண்களைத்தான் தேடினேன்.

பானெட்டைத் திறந்தால் இடது பக்க உள் ஃபெண்டரில் சின்னத் தகடு ஒன்று. இதைக் கீழ் வரியிலிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இ86 என்றால் 440, டி32 என்றால் ஆட்டோமேட்டிக், எஃப்8 அடர் பச்சை, 324 என்றால் மார்ச் 24 அன்று செய்யத் திட்டமிட்ட வண்டி. எல்லாம் பொருந்துகிறது. இந்தத் தகட்டையும் புதிதாக அடித்துத் தருகிறார்கள் என்பதால் ஸ்க்ரூவைப் பார்த்தேன். தலையும் தகடும் ஃபெண்டரும் சேர்ந்து துருவால் ஒன்றாகிக் கிடந்தன. நம்பலாம்.

ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் மேல் ஓரத்தில் வருஷம், ஆலை, வரிசை எண் அடித்திருக்கும். பக்கத்திலேயே பேட்டரி, ஆசிட் கசிந்து அந்த இடத்தை அரித்திருந்தது. 9பியும் கடைசி இரண்டு எண்ணும் மட்டும் தேறின. மிச்சம் டிக்கியில். வலது ஓரத்தில் ரப்பர் பீடிங்குக்கு அடியில் அதே எண் இன்னொரு முறை இருக்க வேண்டும். ரப்பர் கருவாடு மாதிரி காய்ந்து துண்டு துண்டாக வந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சாக்பீஸைப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. எட்டு எழுத்தும் டாஷ்போர்டோடு ஒத்துப்போயின. உடம்பு ஆர்/டிதான்.

துணைச் சாட்சிகளும் சரியாகவே இருந்தன. பின் ஆக்ஸில் பின்பக்கம் மூடி இல்லாத 8¾ அங்குல வகை, டிரம் பிரேக் 11 அங்குலம். பின் சீட் ஸ்ப்ரிங்குக்குள் ஆலைக் காகிதம் கிடைக்குமா என்று கைவிட்டேன். காகிதம் இருந்தது, எலி வளையாக.

அடுத்து இன்ஜின். ஏர் கிளீனர் மேல் 440 மேக்னம் ஸ்டிக்கர். அதை வைத்துத்தான் விற்பவர் ஒரிஜினல் என்கிறார். ஏமாற்றுகிற ஆளாகத் தெரியவில்லை, அவரிடம் வந்தபோதே இப்படித்தானாம். பிளாக்கின் ஓட்டுநர் பக்கத்தில் வார்ப்பு எண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். 2536430 வந்திருந்தால் 440. வந்தது 2468130, அதாவது 383. வெளியே பார்க்க இரண்டும் அண்ணன் தம்பிதான். கியர்பாக்ஸும் மாற்றாமல் பொருந்தும். அந்தக் கியர்பாக்ஸில் இந்த வண்டியின் எண்ணே இருக்கிறது. ஆக, யாரோ இன்ஜினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ‘நம்பர் மேட்சிங்’ (ஆலையில் பொருத்திய இன்ஜினே இருப்பது) என்று கேட்கிற விலைக்கு இனி இடமில்லை.

மிச்ச விலையைத் துரு தீர்மானிக்கும். இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பே சேசிஸ். சார்ஜரின் பின் கண்ணாடி உள்ளே பதிந்து நிற்பதால் தண்ணீர் அங்கே தேங்கி டிக்கிக்குள் இறங்கும். இதில் டிக்கித் தரை சல்லடை. அடியில் நீளவாக்கில் ஓடும் பின் ரெயிலில், ஆக்ஸிலுக்கு மேலே திருப்புளி உள்ளே போய்விட்டது. முன்னால் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் மாட்டும் குறுக்குச் சட்டம் மட்டும் சுத்தியலுக்குக் கணீரென்றது. அது போயிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன்.

நல்ல 318 உடம்பு ஒன்று வாங்கி இந்த நம்பரை அதில் மாட்டினால் வேலை மிச்சம் என்று கூட வந்த நண்பர் சொன்னார். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது ஜெயில் கேஸ். சட்டத்தை விடுங்கள், அப்புறம் அது எந்த வண்டி?

டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ள நம்பரும் சரி. 383 இன்ஜின் மாட்டிய ஆர்/டி உடம்பு என்று கணக்குப் போட்டு ஒரு விலை சொல்லியிருக்கிறேன், அவர் யோசிக்கிறார். நான் 1969 மார்ச்சுக்கு முன் வார்த்த 440 பிளாக் எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி வந்தால் முதல் வேலை இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே குழாய் வெல்ட் செய்வது. அதற்குமுன் வண்டியின் தரைத் தகட்டில் கட்டிங் வீல் வைத்தால் உடம்பு வளைந்துவிடும், கதவு பிறகு மூடாது.