ஊட்டிக் குளிரில் ரத்தக்குழாய் செல்லை அழுத்திப் பார்த்த கதை

ரத்தக்குழாயின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காகப் படர்ந்திருப்பவை எண்டோதீலியல் செல்கள். அவை எவ்வளவு கெட்டி, எவ்வளவு மெத்து என்று உயிரோடு இருக்கும்போதே அளக்க வேண்டும். இதுதான் என் ஆய்வின் முதல் பாகம். ஓடுகிற ரத்தம் இந்தச் செல்களை ஓயாமல் உரசுகிறது. தமனிகளில் அந்த உரசல் ஒன்றிரண்டு பாஸ்கல் இருக்கும். அதை உணர்ந்து செல் தன் உள்ளே எலும்புக்கூடு மாதிரி இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளை மாற்றி அடுக்கிக்கொள்கிறது, கெட்டித்தன்மையும் கூடவே மாறுகிறது. செத்த செல்லை அளந்தால் இது எதுவும் தெரியாது.

ஊட்டியில் செய்யப் போகிறேன் என்றதும் கோவை நண்பர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்டார்கள். உண்மையில் முதலில் படுத்தி எடுத்தது காற்றழுத்தம்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் இங்கே. செல் வளர்க்கும் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் வைக்கச் சொல்வார்கள். மீடியத்தில், அதாவது செல் வளரும் சத்துத் திரவத்தில், இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து பி.எச்.சை (அமில-கார அளவை) 7.4-க்குப் பக்கத்தில் நிறுத்துவது அந்த வாயுதான். ஆய்வகத்து அக்கா முதல் வாரமே சொல்லிவிட்டார்: "தம்பி, மெஷின்ல அஞ்சுன்னு காட்டினா அது சதவீதம். செல்லுக்கு வேண்டியது சதவீதம் இல்ல, அழுத்தம்." மொத்தக் காற்றே குறைவாக இருக்கும் இடத்தில் அதில் 5 சதவீதம் என்பதும் குறைவுதானே. கணக்குப் போட்டால் ஆறரை சதவீதம் வருகிறது. மீடியத்தில் பி.எச்.சுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம் இருக்கிறது. அப்படி வைத்ததும், லேசாக ரோஸ் அடித்துக்கொண்டிருந்த மீடியம் சரியான சிவப்புக்குத் திரும்பியது. பி.எச். மீட்டரிலும் பார்த்துக்கொண்டோம்.

சாமான்களை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவிலும் இதே சங்கதி. பழைய மாடலில் அழுத்தமானி மட்டும்தான் இருக்கும். கடல்மட்டத்தில் அது 15 பி.எஸ்.ஐ. காட்டினால் உள்ளே 121 டிகிரி. இங்கே அதே முள் அதே இடத்தில் நின்றாலும் சுமார் 117 டிகிரிதான். 18, 19 வரை ஏற்ற வேண்டும், அதற்குப் பாத்திரம் தாங்குமா என்று பார்த்துவிட்டு. வெப்பமானி உள்ள மாடல் இருந்தால் இந்த வம்பே இல்லை. மலையில் ஆய்வகம் என்பது புதிதும் இல்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இயங்குகிறது.

செல்கள் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து எடுத்தவை, ஹூவெக் என்போம். ஜெலட்டின் பூசிய டிஷ்ஷில் போட்டால், இடைவெளி மூடியதும் கூழாங்கல் பதித்த தரைபோல நெருங்கிக்கொள்ளும். பாசேஜ், அதாவது ஒரு டிஷ்ஷிலிருந்து இன்னொன்றுக்குப் பிரித்து வளர்க்கும் தடவை, ஏற ஏற குணம் மாறிவிடும் என்பதால் ஆரம்பப் பாசேஜ்களை மட்டுமே அளந்தேன்.

அளக்கும் கருவி ஏ.எஃப்.எம்., அதாவது அணுவிசை நுண்ணோக்கி. பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் 1986-ல் அறிமுகப்படுத்தியது. ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் மெல்லிய தகடு, அதுதான் கேன்டிலீவர்; அதன் முதுகில் விழுந்து எதிரொளிக்கும் லேசர். கேன்டிலீவர் வளைந்தால் லேசர்ப் புள்ளி நகரும், அந்த நகர்வு வோல்ட்டாகப் பதிவாகும். கூர்முனை செல்லைக் குத்திவிடும் என்பதால், சில மைக்ரான் விட்டமுள்ள சின்ன உருண்டை ஒட்டிய கேன்டிலீவரை எடுத்துக்கொண்டேன். முதலில் அதை வெறும் கண்ணாடியில் அழுத்தி, எத்தனை நானோமீட்டர் வளைவுக்கு எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். அப்புறம் வெப்பத்தால் அது தானே நடுங்கும் நடுக்கத்திலிருந்து அதன் ஸ்பிரிங் மாறிலியை, அதாவது இவ்வளவு வளைய எவ்வளவு விசை என்பதை, கணக்கிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாமே தப்பு.

குளிர் வேலையைக் காட்டியது இங்கேதான். கேன்டிலீவரின் முதுகில் தங்கப் பூச்சு இருக்கிறது. வெப்பம் மாறினால் தங்கமும் கீழே உள்ள பொருளும் ஒரே அளவு விரிவதில்லை. யாரும் தொடாமலே கேன்டிலீவர் வளையும். பகலில் அளந்தால் சாலையில் பஸ் கியர் மாற்றி ஏறும் அதிர்வு கோட்டில் தெரிகிறது, சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். இரவில் சாலை அடங்கும், ஆனால் அறை குளிர்ந்துகொண்டே போகும். காற்றாடி ஹீட்டர் போட்டால் அதுவே ஆட்டும். கடைசியில் எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டரை மாலையிலேயே போட்டுவிட்டு, டிஷ்ஷை 37 டிகிரி மேடையில் வைத்து, லேசர்ப் புள்ளி ஓடுவது நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. திறந்த டிஷ்ஷில் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும் என்பதால் மீடியத்தில் பி.எச்.சை நிறுத்திவைக்கும் ஹெப்பஸ் என்ற ரசாயனத்தைக் கலந்துகொள்ள வேண்டும். தண்ணீரும் ஆவியாகும், மீடியம் கெட்டியாகிச் செல் சுருங்கினால் நாம் அளப்பது வேறொன்றை. அதனால் ஒரு டிஷ்ஷை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை.

உருண்டை இறங்க இறங்க விசை எப்படி மாறுகிறது என்று திரையில் வருவது ஒரு கோடு. உருண்டை இறங்கும்வரை தட்டையாகப் போகும். செல்லைத் தொட்டதும் சட்டென்று ஒடிந்து ஏறாது, பையப்பைய நிமிரும். கண்ணாடியில் நேர்கோடாகச் செங்குத்தாக நிற்கும் அதே கோடு இங்கே வளைந்து எழுவதை முதல்முறை பார்த்தபோது, அடியில் இருப்பது உயிருள்ள பொருள் என்று உறைத்தது. ஆனால் தொடக்கம் இவ்வளவு மெதுவாக இருப்பதால், தொட்ட புள்ளி எது என்று தீர்மானிப்பது பெரும்பாடு. செல்லின் மேல் கிளைக்கோகேலிக்ஸ் என்ற சர்க்கரை அடுக்கு வேறு இருக்கிறது.

வேகமாக இறக்கினால் திரவமே எதிர்த்துத் தள்ளும். ஆழமாக அழுத்தினால் அடியில் உள்ள கண்ணாடியின் கெட்டித்தனம் சேர்ந்துகொள்ளும். செல்லின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தோடு நிறுத்துவது பொது வழக்கு. ஓரத்தில் செல் மிக மெல்லிசு, அங்கே இந்த வரம்பைக் காப்பாற்றுவதே கஷ்டம். அதனால் நியூக்ளியஸுக்கு மேலே மட்டும், ஒரு நானோநியூட்டனுக்குக் குறைவான விசையில் அழுத்தினேன்.

பிறகு அந்தக் கோட்டிலிருந்து கெட்டித்தன்மையைக் கணக்கிட ஹெர்ட்ஸ் சமன்பாடு. 1882-ல் இரண்டு கெட்டிப் பொருள்கள் தொடுவதற்காக எழுதியது. செல்லுக்குப் பொருத்துவது கொஞ்சம் துணிச்சல்தான், ஆனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். விடை கிலோபாஸ்கல் அளவில் வந்தது. கண்ணாடி 70 கிகாபாஸ்கல் சுமார்.

அந்த எண்ணை அப்படியே நம்பவில்லை. சைட்டோகலாசின் டி என்ற மருந்தைப் போட்டு ஆக்டினைக் குலைத்துவிட்டு அதே டிஷ்ஷை அளந்தேன், மெத்தென்று ஆனது. அந்த மருந்து கரைந்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தை மட்டும் போட்ட இன்னொரு டிஷ்ஷில் மாற்றமில்லை. முடிவில், செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் நீலச் சாயம் விட்டு, நீலம் ஏறிய செல் இருந்த டிஷ்ஷின் கணக்கை ஒதுக்கினேன். தீசிஸில் வேகம், ஆழம், உருண்டையின் அளவு, வெப்பம் எல்லாவற்றோடும் இன்குபேட்டரின் ஆறரை சதவீதத்தையும் ஊரின் உயரத்தையும் எழுதியிருக்கிறேன். உயரம் எதற்கு என்று வழிகாட்டி கேட்டார்; பி.எச். கணக்கைக் காட்டியதும் விட்டுவிட்டார்.