அணைக்கரையில் ஒரு சுட்ட மீன் கடை

கும்பகோணத்திலிருந்து சென்னை செல்லும் சாலை கொள்ளிடத்தைக் கடக்கும் இடத்தில் இருக்கும் அணைக்கரை, மீன் வறுவலுக்குப் பெயர் போன ஊர். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் தேங்கும் நீர், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் வழியாக வயல்களுக்கும் பிரிந்து போகிறது. அந்தத் தேக்கத்தில் வலை வீசிப் பிடிக்கும் கெண்டையும் விராலும் கெளுத்தியும் சாலையோரக் கடைகளின் எண்ணெய்ச் சட்டிக்குப் போகின்றன. அந்த வறுவலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது, அந்தக் கடைகளிலிருந்து சற்று விலகி, கரையோரக் கீற்றுக்கொட்டகையில், எண்ணெய்ச் சட்டியே இல்லாமல் நடக்கும் ஒரு கடைக்காகத்தான்.

அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல் ஒன்றைப் படுக்கப்போட்டு, நடுவில் சீமைக்கருவேலங்கரியைப் பரப்பி, மேலே கம்பிவலை வைத்ததே அடுப்பு. ஓட்டை விழுந்த பழைய படகைக் கவிழ்த்துப் போட்டதே சாப்பாட்டு மேசை. அன்று வலையில் விழுந்த மீன்களின் பெயர்களை ஒரு சிலேட்டில் எழுதி, தீரத் தீர அழித்துக்கொண்டே வருவார் கடைக்காரர். சிக்கன் கேட்டு வந்த ஒருவரிடம், "அதுக்கு ஊருக்குள்ள போங்க தம்பி, இங்க ஆத்துல விழுந்தது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் விசிறியை எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கெண்டையை அவர் சுடுவதே இல்லை. அதன் சதைக்குள் ஊடுருவிக் கிடக்கும் பொடிமுள் வறுவலில் மொறுமொறுப்பாகிவிடும், தணலில் ஆகாது என்பது அவர் கணக்கு, அது சரியும்கூட. அவர் சுடுவது பெரும்பாலும் ஜிலேபி மீன்தான். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் ஊறவைத்துச் சேற்று வாடையைப் போக்கிய பிறகு, இருபுறமும் ஆழமாகக் கீறி, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு அரைத்த விழுதைக் கீறலுக்குள் திணித்து, வாட்டிய வாழையிலையில் பொதிந்து தணலில் வைக்கிறார். இலை கருகி வாசனை மாறும் நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்து மீனை மட்டும் மறுபடி கம்பிவலைமேல் போட, தோல் உப்பிச் சுருங்குகிறது. தொட்டுக்கொள்ளத் தரும் புளிச்சட்னி சுமார் ரகம். மீனுக்கு எலுமிச்சையே போதும். விரால் கிடைத்தால் விலை பாராமல் வாங்கிவிடுவது என் வழக்கம்.

மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால் அந்த வேகத்தில் வலை போட முடியாது, கடையும் திறக்காது. ஆகவே மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கங்கைகொண்ட சோழபுரமும் பக்கத்தில்தான். சாப்பிட்ட கையோடு கோயிலுக்குப் போக மனம் வராதவர்கள், காலையிலேயே அங்கே போய், நடை சாத்திய பிறகு பசியோடு இங்கே வரலாம்.