டிஸ்க் போகவில்லை, கேபிள்தான்

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன். தை முகூர்த்தத்துக்கான கல்யாணப் பத்திரிகைகள் ஏழெட்டு பாதியில் நின்றன. திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன டிடிபி கடை என்னுடையது. இருப்பது ஒரே ஒரு உருப்படியான கம்ப்யூட்டர். அதில் ஒரு டிபி சீகேட் ஹார்டு டிஸ்க், அதற்குள் பதினோரு வருடத்துப் பத்திரிகைகள். "போன தடவை பெரியவனுக்குப் போட்ட மாதிரியே சின்னவனுக்கும்" என்று வந்து நிற்பவர்களை நம்பித்தான் என் பிழைப்பு.

அன்றைக்கு ஒரு ஃபைலைத் திறந்ததும் அம்புக்குறி அப்படியே உறைந்தது. அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. கம்ப்யூட்டரோடு வந்த சோதனை சாஃப்ட்வேர் ஒன்று உண்டு, விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே ஓடும். அதைப் போட்டேன். ரீட் டெஸ்ட் 14 சதவீதத்தில் நின்று, சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்' என்றது. கீழே ஹார்டு டிஸ்க்கை மாற்றச் சொல்லி ஒரு வரி.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆனாலும் செய்த முதல் வேலை சரியான வேலை: வேறு எதையும் தொடாமல் 340 ஜிபியையும் வெளி டிஸ்க்கில் காப்பி போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது, ஐந்து மணி நேரம் இழுத்தது. ஆனால் ஒரு ஃபைல்கூட விடுபடவில்லை. சாகக் கிடக்கிற டிஸ்க் எப்படி எல்லாவற்றையும் கொடுத்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எங்கே, பயத்தில் மூளை ஓடவில்லை.

மறுநாள் டிஸ்க்கைக் கழற்றி ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் அதை யுஎஸ்பி டாக்கில் செருகி, அவன் சாஃப்ட்வேரைப் போட்டான். அதிலும் சிவப்பு. "அண்ணா, அவுட்டு. ரெண்டு சாஃப்ட்வேரும் ஒண்ணையே சொல்லுது பாருங்க." புது டிஸ்க் 4,200 ரூபாய் என்றான். வேண்டுமானால் பழையதை லோ லெவல் ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம், அதற்குக் காசு வேண்டாம் என்றும் சொன்னான். தலையாட்ட இருந்தவன், எதற்கும் கேட்டுவிடலாம் என்று சிறுசேரியில் சர்வர் பார்க்கும் வேலையில் இருக்கும் என் மச்சானுக்கு போன் போட்டேன்.

அவன் கேட்டது ஒன்றுதான். "மாமா, அந்த டெஸ்ட்டைப் பண்ணினது யாரு? டிஸ்க்கா, கம்ப்யூட்டரா?"

எனக்குப் புரியவில்லை. அவன் சொல்லித்தான் தெரிந்தது, டெஸ்ட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கம்ப்யூட்டர், கேபிள் வழியாக டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியாகக் கேட்டு வாங்கிப் பார்க்கும். இன்னொன்று டிஸ்க் தனக்குத்தானே செய்துகொள்வது. 'ஓடு' என்று கட்டளை மட்டும் வெளியிலிருந்து போகும், சோதனை முழுக்க டிஸ்க்குக்குள்ளேயே நடக்கும், முடிவை டிஸ்க்கே தன் பதிவேட்டில் குறித்துவைக்கும். முதல் வகை ஃபெயில் ஆனால் குற்றவாளி டிஸ்க்காக இருக்கலாம், கேபிளாக இருக்கலாம், மதர்போர்டு போர்ட்டாகவும் இருக்கலாம். சாஃப்ட்வேருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, பழியை டிஸ்க் தலையில் போட்டுவிடும்.

கடைப் பையனின் சிவப்பும் அதே கணக்குதான். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். சில யுஎஸ்பி டாக்குகள் ஸ்மார்ட் கட்டளைகளை டிஸ்க்குக்குக் கடத்துவதே இல்லை. கேட்டதற்குப் பதில் வராததைத்தான் அவன் சாஃப்ட்வேர் 'ஃபெயில்' என்று போட்டிருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன், திரையில் தெரிந்ததைப் படித்தான். 'இன்னொரு நாள் வரேன்பா' என்று டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்து டிஸ்க்கைப் பழையபடி மாட்டி, அந்த ஸ்மார்ட் கணக்கை வரி வரியாக எண் போட்டுக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்தேன். நீல நிறத்தில் 'குட்'. ஆனால் முதல் வரியிலேயே 'ரா ரீட் எரர் ரேட்' என்று போட்டு, பக்கத்தில் நீளமாக ஒரு எண். இத்தனை கோடிப் பிழைகளா என்று மறுபடியும் பதறினேன். மச்சான் போனிலேயே சிரித்தான். சீகேட்டில் இந்த எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டுமாம். ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் எண் முறையில், பன்னிரண்டு இலக்கம் இருக்கும்; முதல் நான்கும் பிழைகளின் எண்ணிக்கை, மீதி எட்டும் எத்தனை தடவை படித்தது என்ற கணக்கு. என்னுடையதில் முதல் நான்கும் பூஜ்யம். 7 என்ற எண் போட்ட வரியான 'சீக் எரர் ரேட்'டும் இதே மாதிரிதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய வரிகள் மூன்று: 5, 197, 198. முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள். அடுத்தது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. கடைசி, டிஸ்க் தானாகச் சோதித்தபோது படிக்கவே முடியாதவை. மூன்றிலும் பூஜ்யம். கீழே போகப் போக 199, ஹெக்ஸில் சி7, 'சிஆர்சி எரர் கவுன்ட்'. அதன் கடைசி மூன்று இடத்தில் 5, 9, ஈ என்று இருந்தது. நாம் எண்ணும் சாதாரணக் கணக்கில் 1,438. கேபிள் வழியாகப் போகும்போது தகவல் சிதைந்த தடவைகள் அவை. சிதைந்தது தெரிந்ததும் அதே துண்டு மறுபடி அனுப்பப்படும். அதனால்தான் ஃபைல்கள் பழுதில்லாமல் வந்தன, ஆனால் ஐந்து மணி நேரம் ஆனது.

விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் இவென்ட் வியூவரையும் பார்த்தேன். டிஸ்க்கில் பேட் பிளாக், அதாவது கெட்டுப்போன பகுதி, இருந்தால் விண்டோஸ் அதை 7 என்ற எண்ணில் குறிக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. 129தான் வரிசையாக நின்றது: டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் விண்டோஸ் ரீசெட் அனுப்பிய குறிப்புகள். அம்புக்குறி உறைந்த நேரமும் இந்தக் குறிப்புகளின் நேரமும் அச்சாகப் பொருந்தின.

பொறுமை இல்லாமல் கேபிளைத் தொடுவதற்கு முன்பே டிஸ்க்கின் சொந்த நீளச் சோதனையை ஓடவிட்டேன். இரண்டு தடவையும் பாதியில் நின்றது, சோதனை சாஃப்ட்வேர் மறுபடியும் 'ஃபெயில்' என்றது. ஸ்மார்ட்சிடிஎல் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு டிஸ்க்கின் பதிவேட்டையே படித்தால் அங்கே இருந்தது வேறு: ஹோஸ்ட் ரீசெட்டால், அதாவது கம்ப்யூட்டர் அனுப்பிய ரீசெட்டால், 'குறுக்கிடப்பட்டது'. அதாவது டிஸ்க் பரீட்சையில் தோற்கவில்லை, பாதி எழுதும்போது யாரோ பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே சிவப்பில் காட்டுவது அநியாயம்தான்.

சரி, கேபிள். சிபியு பக்கத்துத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். சிவப்பு சாட்டா கேபிள் டிஸ்க்கை விட்டு வெளியே வந்த உடனேயே மடிந்து, மடிந்த இடம் வெளுத்திருந்தது. முனையைப் பிடித்து லேசாக ஆட்டினால் அசைகிறது, பிடித்துவைக்கும் கிளிப்பும் இல்லை. ஆயுத பூஜைக்குத் தூசி தட்டியபோது தகட்டை அழுத்தி மூடியது நினைவுக்கு வந்தது. தகட்டின் வெளிப்புறம் அன்றைக்கு நானே வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருக்கிறது. உள்பக்கம் அதே தகடு மூன்று மாதமாகக் கேபிளை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிளிப் வைத்த புதுக் கேபிள் 80 ரூபாய். அதே பையனிடம்தான் வாங்கினேன். "எதுக்குண்ணா?" என்றான். சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

மாட்டிய பிறகு, கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிப்போகாமல் ஸ்லீப்பை அணைத்துவிட்டு நீளச் சோதனையை ஓட்டினேன். 110 மினிட் என்று டிஸ்க் முன்கூட்டியே சொல்லும், ஏறக்குறைய அதே நேரத்தில் பிழையில்லாமல் முடிந்தது. முதல் நாள் 14 சதவீதத்தில் நின்ற ரீட் டெஸ்ட்டும் நூறு வரை போனது.

இதைப் படித்துவிட்டு எல்லா சிவப்பையும் கேபிள் என்று தள்ளிவிடாதீர்கள். என்னிடமே ஒரு பழைய 500 ஜிபி டிஸ்க் இருந்தது. அதன் பதிவேட்டில் 'ரீட் ஃபெய்லியர்' என்று தெளிவாக இருந்தது, படிக்க முடியாமல் போன முதல் இடத்தின் எண்ணோடு. 197 முதலில் 8, ஒரு வாரத்தில் 16. அதை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யவில்லை, உள்ளே இருந்ததைக் காப்பி எடுத்துக் கழித்துக்கட்டினேன்.

இப்போது வாரம் ஒரு தடவை சி7-ஐ மட்டும் எட்டிப் பார்க்கிறேன். கேபிளை மாற்றினாலும் அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, டிஸ்க் ஆயுசுக்கும் சுமக்கும். ஏறாமல் இருந்தால் போதும். பங்குனி பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிட்டன, எண் இன்னும் 1,438-லேயே நிற்கிறது.