திப்போலோ மரமும் நல்ல பயண மாதாவும்: அந்திப்போலோ யாத்திரை

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் ஊர் அந்திப்போலோ. அங்குள்ள மாதாவைத் தரிசிக்கப் போகிறவர்கள் மணிலாவின் கியாப்போ கோயிலில் மன்றாடிவிட்டுக் கிளம்புவது நல்லது. அதற்குக் காரணம் 1945. அதைப் பின்னால் பார்ப்போம்.

கியாப்போவிலிருந்து ரெக்டோ நிலையம் நடக்கும் தூரம்தான். எல்ஆர்டி என்ற நகர ரயிலின் இரண்டாம் தடத்தில் ஏறினால் கடைசி நிலையத்தின் பெயரே அந்திப்போலோ. பலர் ஏமாறுவது இங்கேதான். 2021 ஜூலையில் திறந்த அந்த நிலையம் இருப்பது மாசினாக் பகுதியில். கோயிலோ மலைமேல், இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. ஏற்றமான சாலை, வெயில் நேரத்தில் நடக்க வேண்டாம். கோயில் பக்கம் போகும் ஜீப்னியில் (அந்த ஊர்ச் சிற்றுந்து) ஏறுங்கள். ஏறும்போதே "சிம்பாஹான்" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தகலோக் மொழியில் கோயிலுக்கு அதுதான் சொல்.

ஊருக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு மரத்தால். திப்போலோ என்பது பலா இனம். நம்மூர் சீமைப்பலாவுக்கும் குமரி மாவட்டத்து அயினிக்கும் நெருங்கிய சொந்தம். பட்டையைக் கீறினால் அதே வெள்ளைப் பால், பிசுபிசுவென்று கையில் ஒட்டும். தகலோக்கில் "ஆங் திப்போலோ" என்றால் "அந்தத் திப்போலோ". அது ஸ்பானியர் வாயில் அந்திப்போலோ ஆனது என்பார்கள். மரத்துக்கே அந்திப்போலோ என்று இன்னொரு பெயரும் வழங்குகிறது, ஆகவே மரத்தின் பெயர் அப்படியே ஊருக்கு வந்திருக்கவும் இடமுண்டு. எப்படிப் பார்த்தாலும் மரம் முதலில், ஊர் பிறகு.

மாதா வந்தது கடல் வழியாக. மெக்சிகோவில் செதுக்கிய கருநிறச் சுரூபம் அது. பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் ஹுவான் நின்யோ தெ தபோரா 1626 மார்ச் 25 அன்று மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்தில் அதை "எல் அல்மிராந்தே" கப்பலில் ஏற்றினார். புயலும் தீயும் கடந்து ஜூலை 18 அன்று கப்பல் மணிலா சேர்ந்தது. 1632இல் ஆளுநர் இறந்ததும் சுரூபம் இயேசு சபையினரிடம் போனது. அவர்கள் மலைமேல் கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது சுரூபம் கட்டடத்தில் தங்காமல் மறைந்து மறைந்து போனதாம். தேடிப் போனவர்கள் ஒவ்வொரு முறையும் கண்டது ஒரு திப்போலோ மரத்தின் உச்சியில். மாதா தனக்கு இடம் குறித்துவிட்டாள் என்று ஊரார் உணர்ந்தார்கள். கோயில் அங்கேயே எழுந்தது, வெட்டிய அடிமரம் சுரூபத்தின் பீடமானது.

1639இல் சீனர் கிளர்ச்சியின்போது கோயில் எரிந்தும் சுரூபம் கருகவில்லை. ஆளுநர் கோர்குவேரா அதைக் காவிட்டே துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கப்பல்காரர்கள் மாதாவைத் துணைக்கு அழைத்துப் போகத் தொடங்கினார்கள். அக்காபுல்கோவிலிருந்து மணிலா வருவது ஏறத்தாழ மூன்று மாதம். திரும்பிப் போவதுதான் உயிரைக் குடிக்கும் பாதை: மேலைக்காற்றைப் பிடிக்க வடக்கே வெகுதூரம் ஏறி, ஐந்தாறு மாதம், குளிர், பட்டினி, நோய். 1648இல் சான் லூயிஸ் கப்பல், 1650இல் என்கர்னாசியோன், அடுத்து சான் தியேகோ எனப் பல கப்பல்கள் சுரூபத்தோடு போய் நலமாகத் திரும்பின. "அமைதிக்கும் நல்ல பயணத்துக்கும் அன்னை" என்ற பட்டம் இப்படிக் கடலில் சம்பாதித்தது. இன்றும் வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிலிப்பினோக்கள் விமானம் ஏறுமுன் இங்கே வருகிறார்கள்.

இந்தப் பக்திக்குள் ஒரு காயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1768இல் இயேசு சபையினர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1859இல் அவர்கள் திரும்பி வந்து தெற்கே மிந்தனாவோ தீவின் பணித்தளங்களைப் பெற்றதும், அவற்றை இழந்த ரெகொலெக்டு சபைத் துறவியருக்கு ஈடாக வேறு கோயில் பங்குகள் கொடுக்கப்பட்டன. அந்திப்போலோ அவற்றில் ஒன்று. உள்நாட்டுக் குருக்கள் அந்தப் பங்குகளை இழந்தார்கள். இத்தகைய இழப்புகளுக்கு எதிராக எழுந்த குரல்தான் 1872இல் கோமெஸ், புர்கோஸ், ஸமோரா ஆகிய மூன்று குருக்களின் மரண தண்டனையில் முடிந்தது. இடம் மணிலாவின் பாகும்பாயன் திடல். அம்மாவின் நேர்ச்சையைச் செலுத்த 1868 ஜூன் 6 அன்று அப்பாவோடு அந்திப்போலோவுக்கு வந்தான் ஆறு வயதுச் சிறுவன் ஹொசே ரிசால். வளர்ந்து பிலிப்பைன்ஸின் தேசிய வீரரான அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1896இல், அதே திடலில். லுனேத்தா என்று பெயர் மாறிய அந்த மண்ணில்தான் 1926 நவம்பர் 28 அன்று மாதாவுக்கு முடி சூட்டினார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியப் படை கோயிலில் முகாமிட்டது. கோயில்பிள்ளை சுரூபத்தைத் தடித்த கம்பளியில் சுற்றி, காலி பெட்ரோல் பீப்பாயில் வைத்து, அடுக்களையில் குழிதோண்டிப் புதைத்தார். பிறகு அங்கோனோ, பாசிக் வழியாக மாதா கியாப்போ வந்து சேர்ந்தாள். பழைய கோயில் குண்டுவீச்சில் அழிந்தது. 1945 அக்டோபர் 15 அன்று மக்கள் அவளைக் கியாப்போவிலிருந்து மலைக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். கியாப்போவில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். இப்போது நாம் காணும் வட்டவடிவக் குவிமாடக் கோயில் 1954இல் கட்டி முடிந்தது.

யாத்திரைக் காலம் மே முதல் செவ்வாயில் தொடங்கி ஜூலை முதல் செவ்வாயில் முடியும். பெரிய வியாழன் இரவிலும் ஏப்ரல் 30 இரவிலும் மணிலாவிலிருந்து விடியவிடிய நடந்து வருவார்கள், அதற்கு "அலாய் லாகாட்" என்று பெயர். அந்த இரவுகளில் வண்டியை நம்பாதீர்கள், சாலைகளை அடைத்துவிடுவார்கள். நடப்பதானால் பழகிய செருப்பையே போடுங்கள். புதுச் செருப்பு பாதி வழியில் கொப்புளம் எழுப்பும். மே, ஜூன் பிற்பகல்களில் மழை பிடிக்கும், காலைத் திருப்பலிக்குப் போய்விடுவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவண்டி மந்திரிக்க வரிசை நீளும். குண்டுமல்லிச் சரமும் ஜெபமாலையும் தொங்க, பானெட்டையும் கதவுகளையும் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள், குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார்.

ஊர்ப் பண்டம் சுமான்: தேங்காய்ப்பால் சேர்த்து ஓலையில் பொதிந்து வேகவைத்த ஒட்டரிசி. பழுத்த மாம்பழத்தோடு சாப்பிடுவார்கள். தேங்காய்ப்பால் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும், ஆகவே கடைசியாக வாங்குங்கள், அன்றே தின்றுவிடுங்கள்.

பீடத்தின் பின்புறம் மாடிக்கு ஏறினால் மாதாவின் போர்வையைத் தொட்டு முத்தி செய்யலாம். எல்லாக் கண்ணும் முடியின் பொன்மேலும் நகைகள்மேலும் போகும், வரிசையும் நிற்க விடாது. அந்தச் சில நொடியில் தலையைத் தாழ்த்திக் கால்மாட்டைப் பாருங்கள். மாதாவைத் தாங்கி நிற்பது திப்போலோக் கட்டை.