கொய்ல் இருக்கட்டுமா, போகட்டுமா?

(2024-25 ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக் சீசன் முடிந்த கையோடு எழுதியது.) 24 ஆட்டம், 27 புள்ளி, 13 அணிகளில் 11வது இடம். சென்னையின் எஃப்சி இந்த சீசனை இப்படித்தான் முடித்திருக்கிறது, அப்புறம் இப்போது நம்ம ஆட்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேசுவது ஒரே விஷயம்: ஓவன் கொய்ல் அடுத்த வருடமும் கோச்சாக இருக்கணுமா, வேண்டாமா. கடைசி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை நேரு ஸ்டேடியத்தில் 5-2 என்று அடித்தோம். வெளியே வரும்போது படிக்கட்டிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. "பாத்தீங்களாண்ணே, இப்படி ஆட வைக்கிற ஆளையா அனுப்பச் சொல்றீங்க" என்று ஒரு தம்பி கேட்க, எங்கள் வரிசையில் வழக்கமாக உட்காரும் அண்ணன், "இதை ஜனவரியில ஆடியிருந்தா நான் ஏன்டா கேக்கப்போறேன்" என்றார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு என்ன தோன்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கொய்லை விரும்புகிறவர்கள் முதலில் எடுத்துப் போடுவது 2019-20 சீசனைத்தான். அதை நேரில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஜான் கிரெகரி கோச்சாக இருந்தபோது முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, ஐந்து புள்ளி. நவம்பர் கடைசியில் அவர் விலக, டிசம்பரில் கொய்ல் வந்தார். மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து, 29 புள்ளியோடு நாலாவதாக அரையிறுதிக்கு உள்ளே நுழைந்தோம். டீம் அதே டீம், ஆட்கள் அதே ஆட்கள். கொச்சியில் போய் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்துவிட்டு வந்த ராத்திரி எத்தனை பேர் தூங்கினார்கள் என்று தெரியாது, நான் தூங்கவில்லை. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1, அங்கே 2-4, மொத்தத்தில் 6-5. பைனலில் கொல்கத்தா அணி ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம், அதுவும் கொரோனா வந்துவிட்டதால் ஆளே இல்லாத கோவா ஃபடோர்டா ஸ்டேடியத்தில், நாம் யாரும் போக முடியாமல். அந்த மனக்குறையே கொய்ல் மேல் இருக்கும் பாசத்துக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். முடிக்காமல் விட்ட வேலை ஒன்று அவருக்கும் நமக்கும் நடுவில் இருந்தது, அதனால்தான் 2023இல் அவர் திரும்பி வருகிறார் என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் இல்லாத மூன்று சீசனில் நாம் என்ன ஆனோம் என்று பாருங்கள். கோச்சாக லாஸ்லோ வந்தார், எட்டாவது. பாண்டோவிச் வந்தார், பாதியில் போனார், மறுபடி எட்டாவது. பிர்டாரிச் வந்தார், அப்போதும் எட்டாவது. ஒருவர் டிஃபென்ஸை இறுக்கினார், ஒருவர் பாஸிங் என்றார், ஆனால் முடிவில் இடம் மட்டும் மாறவே இல்லை. அதே நேரத்தில் கொய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய் முதல் வருடம் ஆறாவது, இரண்டாவது வருடம் 20 ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்து, லீகில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்டையே தூக்கினார். கடைசி நாளில் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்து வாங்கிய ஷீல்ட் அது.

கொய்லுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஜாம்ஷெட்பூரைத்தான் இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். "அங்கேயும் முதல் வருஷம் சுமார்தான், ரெண்டாவது வருஷம்தானே வந்தது, அவருக்கு டைம் குடுக்கணும்." சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். திரும்பி வந்த முதல் சீசனில் 22 ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்து ஆறாவதாக, கோப்பைக்கான பிளேஆஃபுக்குப் போனோம், நான்கு வருடம் கழித்து. அந்த சீசனின் கடைசியில் கொல்கத்தா சால்ட் லேக்கில் மோகன் பகானை 3-2 என்று, இர்ஃபான் யட்வாட் கடைசி நிமிடத்தில் அடித்த கோலில் ஜெயித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த வருடம் இரண்டு ஆட்டம் கூடுதல், புள்ளி அதே 27. ஒரு கோச்சின் இரண்டாவது வருடம் முதல் வருடத்தைவிட மேலே போகணும். நமக்கு அது கீழே போயிருக்கிறது.

அவர் ஆட வைக்கிற விதத்தைப் பற்றித்தான் நம்ம ஆட்கள் அதிகம் பேசணும் என்பது என் எண்ணம், வயதைப் பற்றியோ பழைய பெருமையைப் பற்றியோ அல்ல. 58 வயது ஒரு கோச்சுக்கு வயதே இல்லை. "இங்கிலாந்துல பர்ன்லியை பிரீமியர் லீக் வரைக்கும் கொண்டு போனவரு" என்று ஒருவர் சொன்னால், "போல்டனை கீழே இறக்கினவரும் அவருதான்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மை. 2009இல் பர்ன்லியை 33 வருடம் கழித்து மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார், ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை சொந்த மைதானமான டர்ஃப் மூரில் 1-0 என்று வீழ்த்தினார். 2012இல் போல்டன் கீழ் டிவிஷனுக்குப் போனது. அங்கே நடந்ததை வைத்து இங்கே தீர்ப்பு எழுத முடியாது. போல்டன் பிளேயர் ஃபேப்ரிஸ் முவாம்பா மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்தபோது மருத்துவமனையில் கூடவே இருந்தவர் கொய்ல். பிளேயர்கள் ஏன் அவருக்காக ஓடுகிறார்கள் என்பது எனக்கு அதில் தெரிகிறது. நம்ம டீமிலும் இளம் பையன்கள் அவரைப் பற்றிப் பேசும்போது அந்த மரியாதை தெரியும்.

விஷயம் அதுவல்ல. கொய்லின் ஃபுட்பால் திறந்த ஃபுட்பால். பந்து கிடைத்ததும் முன்னால் போ, வேகமாகப் போ, ஆட்களை ஏற்று, கோல் வாங்கினால் வாங்கு, அதைவிட ஒன்று கூடுதலாக அடி. எதிரணியும் ஏறி வந்து ஆடினால் இதைவிட நல்ல ஆட்டம் இந்தியாவில் கிடையாது. இந்த சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 38 புள்ளியோடு ஐந்தாவதாக முடித்த ஜாம்ஷெட்பூரை அங்கே 5-1, இங்கே 5-2. இரண்டு ஆட்டத்தில் பத்து கோல்! நம்ம இதே டீம், சீசனின் முதல் ஹோம் ஆட்டத்தில், புதிதாக லீக்குக்கு வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 1-0 என்று தோற்றது. முகமதன் இந்த சீசனில் கடைசி இடம், 24 ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்ததே இரண்டு, அதில் ஒன்று நம்மிடம், நம்ம ஊரில். கொல்கத்தாவில் போய் அவர்களிடம் 2-0 முன்னிலையில் இருந்துகொண்டு, கடைசி நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 2-2 என்று திரும்பி வந்தோம். அந்த ஐந்து புள்ளியைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள், 32. பிளேஆஃப் வந்திருக்காதுதான், ஆனால் கேரளாவுக்கு மேலே இருந்திருப்போம், கடைசி வாரம் வரைக்கும் நம்பிக்கையோடு இருந்திருப்போம்.

இது ஏதோ துரதிருஷ்டம் இல்லை. ஆள் வந்து ஏறினால் நமக்கு இடம் கிடைக்கிறது, கானர் ஷீல்ட்ஸ் ஓடுகிறார், வில்மர் ஜோர்டான் கில்லுக்குப் பந்து போகிறது, கோல் வருகிறது. பத்து பேரும் பெனால்டி பெட்டிக்கு முன்னால் நின்று கதவைச் சாத்திக்கொண்டால் நமக்கு வழி தெரியவில்லை. விங்கில் கொண்டுபோய் கிராஸ் போடுகிறோம், அவர்கள் தலையால் முட்டி வெளியே தள்ளுகிறார்கள், திரும்ப கிராஸ் போடுகிறோம். அப்போது பின்னால் ஆளே இருப்பதில்லை, ஒரு நீளமான பந்து போதும்.

2019-20இல் இந்தப் பிரச்சினை ஏன் வரவில்லை? கிரிவெல்லாரோ இருந்தார். சாத்திய கதவுக்கு நடுவில் ஒரு பாஸ் போடும் கால் அவருக்கு. அந்தப் பாஸை வாங்கி முடிக்க வால்ஸ்கிஸ் இருந்தார், அந்த சீசனில் 15 கோல், கோல்டன் பூட். பக்கத்தில் சாங்டே, நடுவில் தாபா. ஜாம்ஷெட்பூரிலும் அதேதான்: கிரெக் ஸ்டீவர்ட் பத்து கோல் அடித்தார், இன்னும் பத்து அடிக்க வைத்தார், ஜனவரியில் சீமா சுக்வு வந்து சேர்ந்தார், பின்னால் ஹார்ட்லியும் எலி சாபியாவும் கட்டிப் போட்டார்கள். ஆக கொய்ல் ஜெயித்த இரண்டு இடத்திலும் ஒரு உண்மையான பத்தாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று வாய்ப்பை உருவாக்குகிற ஆள் இருந்தார், வாய்ப்பை வீணாக்காத ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தார். அது இல்லாமல் அவர் எங்கேயாவது ஜெயித்திருக்கிறாரா என்று யோசித்தால், இந்தியாவில் எனக்கு ஒரு இடமும் ஞாபகம் வரவில்லை.

அப்படியானால் தப்பு கோச்சுடையதா, ஆள் வாங்கியவர்களுடையதா? இங்கேதான் வாக்குவாதம் சூடாகிறது. "அவருக்குக் குடுத்த டீம் அது, அவரு என்ன பண்ணுவாரு" என்று சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை, ஏனென்றால் இந்த வருடம் வந்த வெளிநாட்டு ஆட்களில் சீமா சுக்வு அவரிடம் முன்பே ஆடியவர். கொய்ல் சொல்லாமல் சீமா வந்திருக்கமாட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதே சமயம், கிடைத்த ஆட்களுக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்தை மாற்றுவதும் கோச் வேலைதானே. லீடில் இருக்கும்போது எண்பதாவது நிமிடத்தில் ஒரு டிஃபென்டரை இறக்கி ஆட்டத்தைச் சாகடிக்கத் தெரியணும். 2017-18இல் கிரெகரி டீம் அப்படித்தான் கோப்பை வாங்கியது. பெங்களூரு பைனலில் மெயில்சன் அல்வஸ் கார்னரில் இரண்டு முறை தலையால் அடித்தார், மற்ற நேரம் முழுக்க பின்னால் நின்று கட்டினார். அழகான ஃபுட்பால் என்று யாரும் சொல்லவில்லை, கோப்பை நம்மிடம் வந்தது.

கிரெகரி பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியே ஆகணும். கோப்பை வாங்கிக் கொடுத்தாரே என்று அடுத்த வருடம் முழுக்க அவரை வைத்திருந்தோம், ஒன்பது புள்ளியோடு கடைசி இடம். அதற்கு அப்புறமும் வைத்திருந்தோம், ஆறு ஆட்டத்தில் முடிந்தது. நன்றிக்கடனுக்காக ஒரு கோச்சை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று இந்த கிளப்புக்கு நன்றாகவே தெரியும். கொய்ல் விஷயத்தில் அதே தப்பை மறுபடி செய்வோமோ என்பதுதான் என் பயம்.

சிலர் இந்தியக் கோச் வேண்டும் என்கிறார்கள். காலித் ஜமீல் இதே ஜாம்ஷெட்பூரை எடுத்து ஐந்தாவது இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார், அதனால் இந்தப் பேச்சு வலுத்திருக்கிறது. நியாயமான பேச்சுதான். நம்ம கிளப்பிலேயே சபீர் பாஷா பல வருடம் துணைக் கோச்சாக இருந்து இளம் பையன்களைப் பார்த்திருக்கிறார், 2022இல் பாண்டோவிச் போனபோது மிச்ச ஆட்டங்களை நடத்தியவரும் அவர்தான். ஆனால் "இந்தியர்" என்பது மட்டும் காரணமாக இருக்கக்கூடாது. பெட்டிக்கு முன்னால் கூட்டமாக நிற்கும் டீமை எப்படி உடைப்பது, கடைசிப் பத்து நிமிடம் எப்படித் தாங்குவது, இந்த இரண்டு கேள்விக்கும் யாரிடம் பதில் இருக்கிறதோ அவர் வரட்டும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

என் முடிவு இதுதான். அடுத்த சீசனுக்கு கிளப் ஒரு நல்ல பத்தாம் நம்பரும், வருடத்துக்குப் பத்து பன்னிரண்டு கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரும், செட் பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நேரத்தில்) ஆள் விடாத ஒரு சென்டர் பேக்கும் வாங்கப்போகிறது என்றால் கொய்ல் இருக்கட்டும், அவரைவிட நல்ல ஆள் இந்த லீகில் கஷ்டம். அந்த மூன்று பேர் கையில் இருந்தால் அவர் என்ன செய்வார் என்று நாம் பார்த்திருக்கிறோம். இந்த வருடம் மாதிரியே ஆங்காங்கே கிடைத்தவர்களை வைத்துத்தான் ஓட்டப்போகிறோம் என்றால், அவர் இந்த டீமுக்குப் பொருத்தமான கோச் இல்லை, இப்போதே கௌரவமாகக் கைகுலுக்கி அனுப்புவது இரண்டு பேருக்கும் நல்லது. கேரளாவிடம் கொச்சியில் 3-0, சென்னையில் 3-1 என்று ஒரே சீசனில் இரண்டு தடவை தோற்பதை இன்னொரு வருடம் என்னால் பார்க்க முடியாது.

எப்படி இருந்தாலும் இதை ஏப்ரலுக்குள் முடிவு பண்ணணும். ஜூலையில் கோச் யார் என்று தெரியாமல் பிளேயர்களைத் தேடினால், நல்ல ஆட்கள் எல்லாம் அதற்குள் கோவாவுக்கும் மும்பைக்கும் போயிருப்பார்கள்.