பாலம் தள்ளியவர்

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை, வயநாட்டின் சூரல்மலையில் ராணுவத்தினர் அமைத்த இரும்புப் பாலத்தின் மீது முதல் வண்டி ஏறிப் போவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஜூலை 30 அதிகாலை நிகழ்ந்த நிலச்சரிவில் முண்டக்கைக்குச் செல்லும் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதால், அக்கரையில் மண்ணுக்கடியில் சிக்கியவர்களைத் தேடுவதற்கு மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுபோக வழியில்லாமல் இருந்தது. செய்தி வாசித்தவர் பாலத்தின் நீளத்தைச் சொல்வதற்கு முன்பே, என் பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பா திரையில் தெரிந்த சட்டங்களை விரல் நீட்டி எண்ணி முடித்து, "பத்தொம்பது பேனல். நூத்தித் தொண்ணூறு அடி" என்றார். சற்றுப் பொறுத்துச் செய்தியிலும் 190 அடி என்றே சொன்னார்கள். அப்பாவுக்கு அப்போது 76 வயது. இப்படி இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தின் மீது அவர் கடைசியாகக் கை வைத்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பாலத்தைக் கட்டியது ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். அங்கே முன்னின்று வேலை வாங்கிய மேஜர் சீதா ஷெல்கேயின் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அப்பா பதினேழு ஆண்டுகள் பணியாற்றியதும் அதே படைப்பிரிவில்தான். கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அவரை 'மிலிட்டரிக்காரர்' என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். கேட்பவர்கள் உடனே எல்லையைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் விசாரிப்பார்கள். பட்டாளத்தில் அவர் என்ன தொழில் கற்றார், அந்தத் தொழில் பிற்பாடு எங்கள் குடும்பத்துக்கு எப்படிச் சோறு போட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதைத்தான் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் உள்ளது. ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் பெயர் பெற்ற கம்மவான்பேட்டை இருக்கும் வட்டாரம் அது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அப்பா 1967இல், பத்தொன்பதாவது வயதில், பெங்களூருக்கு ரயிலேறினார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றும் அழைக்கப்படும் அந்தப் படைப்பிரிவுக்கு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மையத்தில்தான் அவருடைய பயிற்சி. 1780இல் தொடங்கிய பிரிவு அது. சாப்பர் என்றால் கையில் துப்பாக்கியோடு ஒரு தொழிலும் தெரிந்தவன் என்று பொருள். தச்சர், கொல்லர், கொத்தனார், ஃபிட்டர், வெல்டர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொழில் உண்டு. அதற்கு மேல் எல்லோருக்கும் பொதுவாகப் பாலம் கட்டவும், பாதை போடவும், கண்ணிவெடி எடுக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே ஒவ்வொரு வீரனுக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். வடநாட்டு அதிகாரிகளும் தம்பி என்றே கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே பெங்களூரில் இருந்தவரை தனக்கு ஊர் ஏக்கம் வந்ததில்லை என்று அப்பா சொல்வார்.

பெய்லி பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த முறை அது. அதன் அடிப்படை உறுப்பு பேனல் எனப்படும் இரும்புச் சட்டம்: பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறத்தாழ 260 கிலோ எடை. கிரேன் வேண்டாம், ஆறு பேர் கழிகளைக் கோத்துத் தோளுயரத்துக்குத் தூக்கிவிடலாம். ஒரு பேனலின் முனையை அடுத்ததன் முனையோடு பொருத்தி, துளைகள் நேர்ப்பட்டதும் ஒரு தடித்த இரும்பு ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். அந்த ஆணியின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் ஒரு கிளிப்பை மாட்டினால்தான் வண்டிகள் ஓடும் அதிர்வில் ஆணி கழன்று வராது. நுனித்துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிய, ஆணியின் தலையில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். விளக்கு ஏற்றக் கூடாத இரவுகளில் அந்தக் கோட்டை விரலால் தடவியே கிளிப்பு மாட்டப் பழக்குவார்கள். இன்றும் பட்டறையில் எந்த போல்ட்டைக் கையில் எடுத்தாலும், அப்பாவின் கட்டைவிரல் அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் விலகும்.

முழுப் பாலத்தையும் இக்கரையிலேயே உருளைகளின் மேல் கோத்து, அப்படியே எதிர்க்கரையை நோக்கித் தள்ளுவார்கள். ஆற்றுக்கு நடுவே தாங்குவதற்கு ஒன்றும் இராது. ஆகவே முன்பக்கம் தளமில்லாத, எடை குறைந்த ஒரு மூக்குப் பகுதியைச் சேர்த்து, பின்பக்கம் பாரம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எடை மையம் உருளையைத் தாண்டி வெளியே போனால் பாலம் ஆற்றுக்குள் குப்புற விழுந்துவிடும். நான் ஆறாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் புரியாமல் விழித்தபோது, அப்பா என் மர ஸ்கேலை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளி, அது கவிழும் இடத்தைக் காட்டினார்; பிறகு அதன் வால் பக்கத்தில் ஓர் அழிப்பானை வைத்து, இன்னும் மூன்று விரற்கடை வெளியே தள்ளிக் காட்டினார். "வெளிய நீட்டுற பாரத்தை விட கரையில இருக்கிற பாரம் கூட இருக்கணும். எப்பவும்." அவர் சொன்ன அந்த 'எப்பவும்' எதுவரை நீளும் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

1971 போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் இருந்தார். டிசம்பர் 15ஆம் தேதி இரவு பசந்தர் ஆற்றை ஒட்டிய கண்ணிவெடி நிலத்தில் பீரங்கி வண்டிகளுக்குத் தடம் திறந்துகொடுத்தவர்கள் சாப்பர்கள்தான். மறுநாள் அங்கே நடந்த டாங்கிப் போரில் வீழ்ந்த அருண் கேதார்பாலின் பெயர் நாடறிந்தது. தடம் திறந்தவர்களின் பெயர்களை அப்பா மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, அந்தத் தேதியில், பூஜை அறையில் நின்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். நான் அருகில் நின்றிருக்கிறேன், கேட்டதில்லை.

1984இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது அவருக்கு 36 வயது. பதினைந்து ஆண்டுகள் முடித்தால் ஓய்வூதியம் உண்டு என்பதால் பட்டாளத்தை விட்டு வருகிற பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்களே; பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பருவம். அம்மாவும் நாங்கள் இரண்டு பிள்ளைகளும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகச் சென்னைக்கு வந்தோம். வெல்டிங்கிலும் இரும்புக் கட்டுமானத்திலும் பதினேழு ஆண்டு அனுபவத்தைப் படைவிலகல் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு அதிகாரியைப் பார்க்கப் போனார். அந்த அதிகாரி முதல் பக்கத்தோடு அதை மூடிவைத்துவிட்டு, வாசல் காவலுக்கு ஆள் வேண்டும், மறுநாளே வரலாம் என்றாராம். மரியாதையாகத்தான் சொன்னார், கோபப்பட ஒன்றுமில்லை என்று அப்பா அதைச் சொல்லி முடித்துவிடுவார். எனக்கு இன்றும் ஆறவில்லை. வாசல் காவல் குறைந்த வேலை என்பதால் அல்ல. ஆற்றின் குறுக்கே பாலம் தள்ளத் தெரிந்தவரின் கைகளை ஒரு கதவைத் திறந்து மூடுவதற்கு மட்டும் கேட்டார்களே என்பதால்தான். இன்றைக்கும் எத்தனையோ வங்கிகளின், ஏ.டி.எம்.களின் வாசலில் நிற்பவர்கள் டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள், கம்பியில்லாத் தந்தி தெரிந்தவர்கள். நாம் அவர்களிடம் சலாம் மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம்.

அப்பா அந்த வேலையை ஏற்கவில்லை. பாடியில் ஓர் இரும்புக் கட்டுமானப் பட்டறையில் மூன்று ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தார். வரைபடம் படிக்கவும், விலை போடவும், வாடிக்கையாளரோடு பேசவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். 1987இல், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டி வாங்கிய தொகையும் அம்மாவின் நகையும் ஒரு வங்கிக் கடனுமாகச் சேர்த்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஓரத்தில் ஒரு வாடகை ஷெட்டில் சொந்தப் பட்டறை தொடங்கினார். ஒரு வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு கேஸ் கட்டிங் செட், மூன்று ஆட்கள். சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிடும் சட்டங்களும், சக்கரம் வைத்துத் தள்ளும் பாரம்தூக்கிச் சட்டங்களான கேன்ட்ரிகளும், சிறு கிரேன் உத்தரங்களும்தான் எங்கள் தொழில். தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை: பாரம் தூக்குவதும் தாங்குவதும்தானே அவருக்குத் தெரிந்தது.

செய்த ஒவ்வொரு சட்டத்தையும் அனுப்புவதற்கு முன் சோதித்துவிடுவார். இரண்டு டன் தூக்கும் கேன்ட்ரி என்றால் இரண்டரை டன் தொங்கும். இரும்புத் தகடுகளைக் கட்டித் தூக்கி நிறுத்திவிட்டு, உத்தரத்தின் நடுவே கட்டிய தூக்குக்குண்டு நூல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தரையிலிருந்து அளவுகோல் வைத்துப் பார்ப்பார். மின் கிரேன் ஓடும் உத்தரங்களுக்கு நீளத்தில் 750இல் ஒரு பங்குக்கு மேல் தொய்வு கூடாது என்பது கணக்கு. ஆறு மீட்டர் உத்தரத்துக்கு எட்டு மில்லிமீட்டர். கையால் இழுக்கும் செயின் பிளாக்குக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை, ஆனால் அவர் அதற்கும் எட்டுதான் வைப்பார். பாரத்தைத் தொங்கவிட்டபடியே எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, திரும்பி வந்து மறுபடி அளப்பார். ஒன்பது காட்டிய ஓர் உத்தரத்தை அடியில் தகடு வைத்து மறுபடி பற்றவைத்ததில் அந்த வேலையின் லாபம் முழுவதும் போனது. நான் அப்போது டிப்ளமா முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு மில்லிக்கு இவ்வளவா என்று கேட்டேன். அதன் கீழே தினமும் ஆட்கள் நடப்பார்கள் என்றார்.

வியாபாரத்தில் அவருக்கு விழுந்த அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய வாடிக்கையாளர் எங்கள் வேலையில் முக்கால் பங்கைத் தாமே எடுத்துக்கொண்டார். பிறகு பில் பணத்தை எட்டு மாதம் தரவில்லை. இரும்புக் கடைக்காரருக்கும் வங்கிக்கும் ஆட்களின் சம்பளத்துக்கும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் இரவு லெட்ஜரை விரித்து வைத்துக்கொண்டு அப்பா என் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தார், மேசை விளிம்பில் வைத்துத் தள்ளினார், விழுந்தது. ஒன்றும் பேசாமல் குனிந்து எடுத்து வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு எந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் எங்கள் மொத்த வேலையில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது. இருந்தாலும் தினமும் பார்க்க வேண்டிய பெரிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட எந்தச் சிறு பட்டறைக்காரர் துணிவார்? கால் பங்குக் கணக்குதான் எங்களைக் காப்பாற்றியது. 2008க்குப் பிறகு வந்த நீண்ட மின்வெட்டு ஆண்டுகளிலும் அதனால்தான் தாக்குப்பிடித்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மோட்டார்கள் எல்லாம் மூழ்கின. 67 வயதில் அவர் எங்களைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தண்ணீர் வடிந்த அன்று ஆட்களை மூன்று அணியாகப் பிரித்து, எதை முதலில் கழுவுவது, எதை வெயிலில் வைப்பது, எதற்கு எண்ணெய் போடுவது என்று சுவரில் சாக்பீஸால் எழுதினார். பதினோராம் நாள் முதல் வெல்டிங் நடந்தது.

வயநாட்டுச் செய்தி வந்த அன்று இரவு அவர் வழக்கத்தை விட அதிக நேரம் விழித்திருந்தார். இடம் போதாததால் ஆற்றின் நடுவிலேயே ஒரு தாங்குதூண் எழுப்பினார்கள் என்பதையும், 24 டன் வரை தாங்கும் என்பதையும் அலைவரிசை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். "மழையில பேனல் வழுக்கும்பா. கையுறை போட்டாலும் வழுக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மறுநாள் காலை, நெடுநாள் கழித்து, என்னோடு பட்டறைக்கு வந்தார். ஒரகடத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு கேன்ட்ரி, பெயிண்ட் காய்ந்து, லாரிக்காக வாசலில் நின்றது. அதன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, சக்கரங்களின் அச்சாணிகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தார். நான்காவது சக்கரத்தில், அச்சாணி கழன்று வராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைச் செருகியிருந்தோமே தவிர, அதன் கால்களைப் பிரித்து வளைக்காமல் விட்டிருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் குறட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.