மூன்று சேர்மங்களும் ஒரு வால்வும்

நுனி ஒரு மைக்ரானை ஒட்டிய கண்ணாடிக் குழல். நுண்ணோக்கியில் பார்த்தபடியே அதை ஓர் உயிரணுவின் மேல் இறக்க வேண்டும். குழலில் மாட்டிய மெல்லிய ட்யூபின் மறுமுனை நம் வாயில் இருக்கும். உயிரணுவின் மேல்பரப்பு லேசாகக் குழிந்ததும் மெல்ல ஓர் உறிஞ்சு. திரையில் மின்தடை ஏறிப்போய் கிகா ஓமைத் தாண்டினால் 'சீல்' விழுந்துவிட்டது. இன்னோர் உறிஞ்சில் சவ்வு கிழியும். உயிரணுவின் மின்னோட்டம் மொத்தமும் நம் கைக்கு வரும். 1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் தொடங்கிவைத்த பேட்ச் கிளாம்ப் இதுதான். எனக்குக் கை பழக எட்டு மாதம் ஆயிற்று.

நான் வேலை பார்த்த மருந்து ஆய்வுக்கூடத்தில் எங்கள் குழுவின் இலக்கு கேவி7.2, கேவி7.3 என்ற பொட்டாசியம் சேனல்கள், அதாவது உயிரணுச் சவ்வில் பொட்டாசியத்துக்கு வழிவிடும் கதவுகள். நியூரானுக்கு இவை பிரேக். சோடியம் உள்ளே பாய்ந்தால் நியூரான் துடிக்கும், பொட்டாசியம் வெளியேறினால் அடங்கும். துடிப்பு கிளம்பிய பிறகு திறக்கிற பொட்டாசியம் சேனல்கள் நிறைய உண்டு. இவை அதற்கு முன்பே, -60 மில்லிவோல்ட் வாக்கிலேயே நிதானமாகத் திறந்து, திறந்தபடியே நிற்கும். 1980இல் டேவிட் பிரவுனும் பால் ஆடம்ஸும் தவளை நரம்பணுவில் பார்த்து 'எம் (M) மின்னோட்டம்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். பிறந்த சில நாளிலேயே குழந்தைகளுக்கு வலிப்பு வரும் சில குடும்பங்களில் இந்த சேனல்களின் மரபணுக்கள் பழுதாகியிருப்பது 1998இல் தெரியவந்தது. பிரேக் தேய்ந்தால் வலிப்பு, அப்படியானால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க ஒரு மருந்து. காகிதத்தில் எல்லாமே எளிது.

அப்படியொரு மருந்து வந்தும் போய்விட்டது. பெயர் ரெட்டிகாபின். 2011இல் ஒப்புதல் கிடைத்தது. நீண்ட நாள் சாப்பிட்ட சிலருக்குத் தோலும் உதடும் நகமும் நீலம் பூத்தன, விழித்திரையிலும் நிறமாற்றம் தெரிந்தது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது, 2017இல் விற்பனையே நின்றது. ஆனால் அந்த நீலத்துக்கு சேனல் காரணமில்லை. மருந்தின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஒட்டி நிறமேறிய சேர்மமாகி, உடலின் நிறமியான மெலனினோடு சேர்ந்து தங்கிவிட்டன என்பதுதான் விளக்கம். ஆகவே எங்கள் வேலை: ரெட்டிகாபின் செய்வதைச் செய்ய வேண்டும், அதன் வேதியியல் மட்டும் கூடாது.

தினமும் காலையில் 10 மைக்ரோமோலார் செறிவில் ரெட்டிகாபினை உயிரணுவின் மேல் ஓடவிட்டுப் பார்ப்போம். மின்னோட்டம் ஏறினால் ரிக், அதாவது எங்கள் சோதனைக் கருவித் தொகுப்பு, சரியாக இருக்கிறது என்று பொருள். ஒரு வாரம், புதிதாக வந்த சேர்மங்களில் மூன்று அடுத்தடுத்து வேலை செய்தன. வாரக் கூட்டத்தில் வரைபடத்தைப் போட்டேன். வேதியியல் நண்பர் அன்று மாலையே அடுத்த கட்ட மூலப்பொருள்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்.

நான்காவது பாட்டிலில் சேர்மத்தைக் கலக்க மறந்து வெறும் உப்புக் கரைசலையே ஓடவிட்டேன். மின்னோட்டம் ஏறியது! உயிரணுவை மாற்றினேன், மறுபடியும் ஏறியது. பக்கத்து ரிக்கிலிருந்த மேடம் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "வால்வைக் கழட்டிப் பாத்தீங்களா?" அவ்வளவுதான் கேட்டார். ரெட்டிகாபின் குழாயை அடைக்கும் வால்வின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மூடியபின்னும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து பொதுக் குழாயில் கலந்துகொண்டிருந்தது. 1 மைக்ரோமோலார் அளவிலேயே இந்த சேனல்கள் அசைந்து கொடுக்கும், அதனால் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலே காரியம் கெட்டுவிடும். இரண்டு வாரத் தரவு குப்பைக்குப் போனது. வேதியியல் நண்பர் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கசிவைவிட என்னை உறுத்தியது வேறொன்று. மூன்று வெவ்வேறு மூலக்கூறுகள் ஒரே வேகத்தில், ஒரே அளவுக்கு மின்னோட்டத்தை ஏற்றியிருந்தன. வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தின. சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ அதைத் துல்லியம் என்று எண்ணி மகிழ்ந்துவிட்டேன்.

அப்புறம் நிஜமாகவே வேலை செய்த சேர்மங்களும் வந்தன. அவற்றில் பலவும் இதயத்தில் நின்றுபோயின. ஹெர்க் என்ற இன்னொரு பொட்டாசியம் சேனலை அடைத்துவிட்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். அந்தச் சோதனையில் தோற்றதை யாரும் மேலே கொண்டுபோக மாட்டார்கள். கேவி7.1ம் இதயத்தில்தான் இருக்கிறது. ரெட்டிகாபின் பற்றிக்கொள்ளும் டிரிப்டோஃபான் என்ற ஓர் அமினோ அமிலம் அதில் இல்லாததால் அது தப்பியது. சிறுநீர்ப்பையின் கேவி7 சேனல்கள் தப்பவில்லை, சிலருக்குச் சிறுநீர் கழிப்பதே சிரமமானது. பொட்டாசியம் சேனல் என்றால் திறந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2010இல் ஒப்புதல் பெற்ற டால்ஃபாம்ப்ரிடின் இதற்கு நேரெதிர். மல்ட்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயாளிகளின் நடையைச் சீராக்க அது பொட்டாசியம் சேனல்களை அடைக்கிறது. அளவு மீறினால் வலிப்பு வரும்.

என் கண்ணாடிக் குழலில் ஓர் உயிரணு இருபது நிமிடம் தாங்கினாலே நல்ல நாள். நீலம் பூக்க ஆண்டுகள் ஆகும்.

கடையிலிருந்து போன பிறகும் ரெட்டிகாபின் எங்கள் உறைபெட்டியில் இருந்தது. காலையில் முதல் உயிரணுவுக்கு அதைத்தான் கொடுப்போம். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம், வெறும் உப்புக் கரைசல்.